வாசலில் நின்ற காது

எஸ்கெல், ஜூன் 14, 1999

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பட்டறையில் குனிந்தே நின்று பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்க்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

எனக்கு வேலை பழகிவிட்டது. எக்ஸ்ரே அறை நல்ல கதகதப்பு. இந்த ஜூன் குளிரில் வாடகைக்கு எடுத்த அறைதான் ஐஸ்பெட்டி. போன வாரமே நல்ல பனி, மலையில் ஆட்களை உச்சிக்கு இழுத்துப்போகும் இழுவையும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் துணைதான் இல்லை. காலையில், மட்டம் தட்டிய பனியில் விளிம்பைச் சாய்த்துச் செதுக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பக்கத்தில் போனால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மட்டம் தட்டிய தடத்துக்கு வெளியே, தொடாத பனியில் போகிறவர்கள் அதைவிட அழுத்தம். "எங்க போறீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "சும்மா, அந்தப் பக்கம்" என்றார். அந்தப் பக்கம் என்றால் மலையின் முக்கால்வாசி.

அதனால் பேக்கரிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன். "பனிப்பலகைக்குத் துணை தேவை. காலையில் செதுக்க, மத்தியானம் தடத்துக்கு வெளியே போக. அவசரக்காரர்கள் வேண்டாம். மபெல், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை." நீ சிரிப்பாய் என்று தெரியும்.

மலைக்குப் பின்னால் இருக்கும் பின்பள்ளத்தை இழுவை உச்சியிலிருந்து பார்த்தேன். நீ படத்தில் காட்டியதைவிடச் செங்குத்து. பயப்படாதே, முதல் தடவை உன்னோடுதான் இறங்குவேன். சொன்னது சொன்னதுதான்.

அணைப்புடன்,
மபெல்

*

பரிலோச்சே, ஜூன் 22

அன்புள்ள தங்கைக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. சிரித்தேன், ஆனால் நீ நினைத்த மாதிரி இல்லை. காணாமல்போன நாயைத் தேடுகிறவர்கள்தான் பேக்கரிக் கதவில் சீட்டு ஒட்டுவார்கள்.

உனக்குப் பதினைந்து வயதில் பலகையில் நிற்கக் கற்றுக்கொடுத்தேன். பத்துக் குளிர்காலம் நாம் இரண்டு பேரும் வேறு யாரையும் தேடியதில்லை. தடத்துக்கு வெளியே போவது கல்யாண வீட்டுக்குப் போவது இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தவரோடு சிநேகம் பிடித்துக்கொள்ள. பனி உன்னை மூடினால் யார் தோண்டுவார்கள் என்பதுதான் கேள்வி. ஊர் பேர் தெரியாத ஆளை நம்பி வெளியே கால் வைக்காதே. காலையில் தனியாகச் செதுக்கு, போதும். செப்டம்பரில் பட்டறையில் கூட்டம் குறைந்ததும் நான் வருகிறேன்.

பின்பள்ளம் விஷயத்தை நீயாகவே எழுதியதால் நான் மறுபடி நினைவுபடுத்தவில்லை.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

இர்மா

*

எஸ்கெல், ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு லேசாக ஜலதோஷம், மற்றபடி சுகம்.

சீட்டு வேலை செய்துவிட்டது. பேக்கரிக்காரியே வந்துவிட்டாள். பெயர் நெரிஸ், வேல்ஸிலிருந்து குடியேறிய வெல்ஷ் குடும்பம், உன் வயது இருக்கும். விடியுமுன் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டு மலைக்கு வந்துவிடுகிறாள், புருவத்தில் மாவோடு. "ரெண்டு வாரமா என் கதவுல உங்க சீட்டு தொங்குது. பார்த்துப் பார்த்து எனக்கே பாவமா போச்சு" என்றாள். இதுதான் முதல் பேச்சு.

ஒரே இழுவைக் கம்பியில் ஏறினோம். பலகையில் பக்கவாட்டில் நிற்கும்போது எனக்கு இடதுகால் முன்னால், அவளுக்கு வலதுகால் முன்னால். அதனால் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டே உச்சி வரை போகலாம். எனக்கு இது புதுசு. நீயும் நானும் இடதுகால்காரர்கள், பத்து வருஷம் நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினாய், பாவம்.

வெளியே போக அவ்வளவு சுலபமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கயுபான் என்று ஒருவர், பனியை மட்டம் தட்டும் வண்டியை ஓட்டுபவர், ஐம்பது தாண்டியவர். அவரும் நெரிஸும்தான் ஜோடி. புதிதாக வருகிறவருக்கு இவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் மாத்தே டீக்கான வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு, பனி மூடிய ஆளைக் கண்டுபிடிக்க நாம் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் பீப் கருவி ஒன்றையும் கட்டிப் பனியில் புதைத்துவிடுவார்கள். நம் கருவியைத் 'தேடு' பக்கம் திருப்பி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய் எடுக்க வேண்டும். எடுக்கும் வரை யாருக்கும் மாத்தே கிடையாது. நான் கொஞ்சம் அலைந்துதான் எடுத்தேன். கயுபான் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு. பொண்ணு தேறிடும்" என்றார்.

இன்னொரு வழக்கம். வெளியே போகும் வேலி வாசலில், விருந்தாளியாக வந்தவர்தான் 'காது'. காதாக நிற்பவர் தன் கருவியைத் 'தேடு'வில் வைத்து, ஒலியைக் குறைத்துப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் கருவியை 'அனுப்பு'வில் வைத்து ஒருவர் பின் ஒருவராகத் தாண்ட வேண்டும். பீப் கேட்டால் "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் தாண்டியவர் திரும்பிப் போக வேண்டும். அன்றைக்கு நான்தான் காது. பெரிய பதவி வகித்த மாதிரி இருந்தது.

அணைப்புடன்,
மபெல்

*

பரிலோச்சே, ஜூலை 16

மபெல்,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி.

என் மேல் உனக்குப் பாவம் வந்ததில் சந்தோஷம். பத்து வருஷம் உன் முதுகைப் பார்த்ததால்தான் நீ எப்போது சாய்வாய், எப்போது தடுமாறுவாய் என்று உனக்கு முன்பே எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவளுக்கு உன் வாய் தெரியும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நான் புளித்துவிட்டேன் போலிருக்கிறது.

நெரிஸுக்கு மாவு பிசையத் தெரியும், சரி. பனியின் அடுக்கைப் பார்க்கத் தெரியுமா? யாரிடம் கற்றாள்? கணவன், பிள்ளை இல்லையா, எந்நேரமும் மலையில் என்ன வேலை?

எனக்கும் இங்கே துணை கிடைத்துவிட்டது. ரொசாரியோவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். நன்றாகச் செதுக்குகிறார்கள். தினமும் வந்து கூப்பிடுகிறார்கள். ஆகவே நீ கவலைப்பட வேண்டாம்.

உன் இரண்டாவது பலகையின் விளிம்பைத் தீட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போட்டு அனுப்பலாம் என்றிருந்தேன். வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்.

இர்மா

*

எஸ்கெல், ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி? ஜலதோஷம் போய்விட்டது. கடிதம் தாமதம், வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு ஊரே எக்ஸ்ரே அறையில் நிற்கிறது.

உனக்குத் துணை கிடைத்ததைப் படித்து எவ்வளவு நிம்மதி தெரியுமா. நான் கிளம்பி வந்ததிலிருந்து அதே நினைப்பு. அண்ணன் தம்பியின் பெயர் எழுதவே இல்லையே? கோடையில் நான் வரும்போது அறிமுகப்படுத்து.

நெரிஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். கணவர் இல்லை, மகன் புவெனஸ் அயர்ஸில் படிக்கிறான். பனி பற்றித் தானே விழுந்து எழுந்து கற்றாளாம். அவளும் நானும் ஒரே நேரத்தில் கிளம்பிச் செதுக்கினால், என் வளைவு வலப்பக்கம் போகும்போது அவளுடையது இடப்பக்கம், நடுவில் வந்து உரசாமல் தாண்டிவிடுவோம். மேலிருந்து பார்த்தால் பின்னல் போட்ட மாதிரி இருக்கிறதாம். கயுபான் எங்களுக்காக வண்டியைக் கடைசியாக அந்தத் தடத்தில் ஓட்டுகிறார். "நீங்க ரெண்டு பேரும் கிறுக்கி வைக்கத்தான் நான் ராவெல்லாம் இஸ்திரி போடுறேன்" என்று முனகிக்கொண்டே.

பின்பள்ளத்தில் இப்போது பனி அருமை என்று நெரிஸ் சொன்னாள். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "அப்ப அக்கா வரட்டும். பள்ளம் எங்கயும் போயிடாது" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். நல்ல மனுஷி, அக்கா. உனக்குப் பிடிக்கும்.

அணைப்புடன்,
மபெல்

*

பரிலோச்சே, ஆகஸ்ட் 12

மபெல்,

நலம். நீயும் நலம் என்று தெரிகிறது, தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இழுவையில் ஏறும்போது என்னைப் பற்றித்தான் பேச்சு போலிருக்கிறது. "அக்கா வரட்டும்" என்று அனுமதி கொடுக்க அவள் யார்? பள்ளம் அவள் பேக்கரி அடுப்பா? அந்தப் பள்ளத்தை முதலில் படத்தில் பார்த்து உனக்குக் காட்டியவள் நான்.

எரிச்சலாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், எரிச்சல்தான். நீ சொல்லும் அந்தப் பின்னலை ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் பார்க்கிறேன். இடதுகாலும் இடதுகாலும் சேர்ந்து ஒருநாளும் அப்படி வராது.

செப்டம்பர் 3-ம் தேதி பஸ்ஸில் வருகிறேன். நீயும் நானும் மட்டும் இறங்குவோம்.

இர்மா

*

எஸ்கெல், ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வா, வா. கட்டிலை உனக்கு விட்டுவிட்டு நான் தரையில் படுத்துக்கொள்கிறேன், உன் முதுகுக்கு அதுதான் நல்லது.

நாம் மட்டும் போக முடியாது. பள்ளத்துக்குப் போக முதலில் ஒரு சாய்வான சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும், அதை ஒவ்வொருவராகத்தான் கடக்கலாம், பார்த்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். அந்தச் சரிவுக்கு இரண்டே பேராகப் போனால் இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள், நீயே எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள்தானே. நெரிஸும் கயுபானும் வருகிறார்கள். ஆனால் பள்ளத்தில் முதலில் நீயும் நானும், அவர்கள் பிறகு. நெரிஸே அப்படித்தான் சொன்னாள்.

வழக்கப்படி உனக்கும் ஃபிளாஸ்க் சோதனை உண்டு. வாசலில் நீதான் காது. கோபித்துக்கொள்ளாதே, அக்கா. அவளிடம் ஒரு நாள் பேசிப் பார். உன்னை விட்டுவிட்டு நான் எங்கும் போய்விடவில்லை.

உன் மபெல்

*

பரிலோச்சே, செப்டம்பர் 15

அன்புள்ள தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நெரிஸின் தோள் எலும்பு எப்படி இருக்கிறது? வலிக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? மூச்சு விடும்போது இன்னும் வலிக்கிறதா? நீ எடுத்த எக்ஸ்ரேயில் வேறு ஏதும் இல்லை என்று நிச்சயமா?

கண்ணை மூடினால் அதே காட்சி. நீ சரிவைக் கடந்துவிட்டாய், அவள் நடுவில், சரிவு அப்படியே பெயர்ந்து அவளை வாரிக்கொண்டு போனது. அவ்வளவு சாதுவாகத் தெரிந்த சரிவு பெயர்ந்து போகும் என்று யார் நினைத்தார்கள்? மூன்று பேரும் கருவியைத் 'தேடு'வுக்குத் திருப்பிக்கொண்டு ஓடினோம், ஒரு பீப்பும் இல்லை. கயுபான் கண்ணில் மட்டும் அந்தப் பலகையின் நுனி படாமல் போயிருந்தால்! நான் தோண்டியதை நீ பார்த்தாய். கையுறை கிழிந்து நகம் பெயர்ந்தது இன்னும் ஆறவில்லை.

சோதனை வைத்தபின் கருவியைத் திரும்ப 'அனுப்பு'வுக்கு மாற்ற வேண்டும் என்பது பாலபாடம். அவ்வளவு அனுபவம் உள்ளவள் மறந்திருக்கிறாள். குறை சொல்லவில்லை, யாருக்கும் வரும்.

அவளுக்கு ஒரு பலகை அனுப்பியிருக்கிறேன். என்னுடையதுதான், நல்ல பலகை, வலதுகாலுக்குப் பிடிமானங்களை மாற்றிப் பொருத்திவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல விடாதே.

அன்புடன்,
இர்மா

*

பரிலோச்சே, அக்டோபர் 1

அன்புள்ள மபெல்,

நலமா? பதில் இல்லை. பஸ்காரரிடம் கேட்டேன், பலகையை உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். நெரிஸுக்கு அது பிடித்ததா?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நீ வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு முறையும்.

கயுபான் ஏதாவது சொன்னாரா? அன்று எல்லோரும் பதற்றத்தில் இருந்தோம், யாருக்கும் எதுவும் சரியாக நினைவிருக்காது.

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ ஒரு வரி எழுது, போதும்.

இர்மா

*

எஸ்கெல், அக்டோபர் 18

அக்கா,

உன் நகம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நெரிஸுக்குக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. ஒற்றைக் கையால் மாவு பிசைகிறாள். பலகை என் அறையில் பிரிக்காமல் இருக்கிறது. அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் நீ திருத்து.

வண்டி நிறுத்தும் இடத்தில் உனக்கு ஃபிளாஸ்க் கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாய். மாத்தேக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அது என் தப்பு. உன் முகத்தைப் பார்த்த நெரிஸ், தன் கருவியையும் 'தேடு'வுக்குத் திருப்பிக்கொண்டு உன் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் இடது பக்கம், இந்தக் குளிர்ல என்னுதும் மக்கர் பண்ணுது" என்று மெதுவாகச் சொன்னாள். நீ தோண்டி எடுத்தாய். அவள் கருவி பீப் அனுப்பாமல் அப்படியே 'தேடு'வில் நின்றுவிட்டது. உனக்கு உதவி செய்ய வந்ததால்தான் நின்றது.

பிறகு வாசல். காது நீ. நான் தாண்டினேன், "கேட்டுச்சு" என்றாய். நெரிஸ் தாண்டினாள். கயுபான் பின்னாலிருந்து, "கேட்டுச்சா?" என்று கேட்டார். "கேட்டுச்சு" என்றாய்.

ஊமையாக இருந்த கருவி எப்படி அக்கா உனக்குக் கேட்டது?

பதில் எழுதாமல் இருந்த நாளெல்லாம் உனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். என்னுடையது கேட்டிருக்கும், கயுபானுடையது கேட்டிருக்கும் என்று. ஒலியைக் குறைத்துவிட்டால் பக்கத்தில் வருகிறவர் சத்தம் மட்டும்தான் வரும். கற்றுக்கொடுத்தது நீ. கடைசியில் நெரிஸிடமே கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "உங்க அக்காவுக்கு அன்னிக்குக் காது அடைச்சிருக்கும். உயரத்துக்கு வந்தா சிலருக்கு அப்படித்தான். விட்டுடு" என்றாள். பரிலோச்சேயில் மலை இல்லாத மாதிரி. அவளுக்குத் தெரியும், அக்கா. தெரிந்துதான் உனக்காகப் பொய் சொல்கிறாள்.

ரொசாரியோ அண்ணன் தம்பியைப் பற்றி நீ இங்கே இருந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருந்தால் வேலையை விட்டுவிட்டுக்கூட வந்திருப்பேன்.

கோடையில் வீட்டுக்கு வருவேன். உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், உன் முதுகுக்குத் தைலம் தேய்ப்பேன். ஆனால் தடத்துக்கு வெளியே இனி உன்னோடு வர மாட்டேன். பனி என்னை மூடினால் நீ தோண்டுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பக்கத்தில் நிற்பவர் புதைந்தால் கண்டுபிடிக்க வழி வைப்பாயா என்று தெரியவில்லை.

மபெல்

*

பரிலோச்சே, அக்டோபர் 26

அன்புள்ள மபெல்,

நெரிஸ் இன்று எப்படி இருக்கிறாள்? நீ தூங்குகிறாயா?

நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. கேட்கவில்லை. அவள் என்னைத் தாண்டியபோது காற்று இல்லை, என் காது அடைக்கவில்லை, கருவியில் சத்தமும் இல்லை. அது தெரிந்துதான் கயுபானிடம் கேட்டது என்றேன்.

அவள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. நீ நம்பாவிட்டாலும் இதை எழுதிவிடுகிறேன். சரிவைக் கடந்து, பள்ளத்தின் விளிம்பில் நால்வரும் நிற்கும்போது, அவள் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இவங்களை நம்பியா தினமும் வெளிய வர்றே?" என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். நீ அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவள் முகத்தில் ஈயாடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. எல்லோரும் சிரிக்கும்போது அவள் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்து உதவினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாசலிலிருந்து சரிவு வரை அந்த ஒரு கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். நீ ஊரைவிட்டுப் போனபிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். முதலில் பேக்கரிக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டு, அவள் அனுப்பினால் உன்னிடம் வருகிறேன். எனக்காக அவள் இன்னொரு முறை பொய் சொல்ல வேண்டாம்.

பலகை எடுத்து வரவில்லை.

இர்மா